கல்லறைக் கல்லைப் படம் எடுத்தால் போதுமா?

மார்ச் 2, கேள்வி

பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றைக் காப்பாற்ற நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்திருக்கிறோம். என் கருத்து இது: எல்லாக் கற்களையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கைப்பேசியில் படம் எடுத்து, இணையத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அடக்கப் பதிவேடுகளைத் தேடி அலைவது வீண் வேலை. கல்லில் இருப்பதுதானே ஏட்டிலும் இருக்கப்போகிறது?

மார்ச் 2, இரவு

இருக்காது. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். கல் வைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கல் வைக்கப் பணம் வேண்டும், பின்னால் நின்று செய்யக் குடும்பம் வேண்டும். கைக்குழந்தைகள், கூலிக்கு வந்த இடத்தில் இறந்தவர்கள், தொற்றுநோயில் ஒரே வாரத்தில் போனவர்கள், இவர்களுக்கெல்லாம் யார் கல் வைத்தார்கள்? அதிகம் போனால் ஒரு மரச் சிலுவையோ இரண்டு உருண்டைக் கற்களோ இருந்திருக்கும். மரம் பத்து வருடத்தில் மண்ணாகிவிடும்.

நான் முதலில் வேலை செய்த தோட்டத்தில் கற்களை எண்ணினால் 200 தேறாது. அதே தோட்டத்தின் ஏட்டில் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளிலேயே ஆயிரம் பெயருக்கு மேல் இருந்தது. கல்லை மட்டும் படம் எடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்த மண்ணில் கிடப்பவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

மார்ச் 3

தேய்த்துக் கழுவுவது பற்றித் தனியாக எழுத வேண்டும். படம் எடுப்பதால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, தேய்ப்பதால் ஆகும். முதலில் கையில் இருப்பது என்ன கல் என்று பாருங்கள். சலவைக்கல் அடிப்படையில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அமிலம் பட்டால் கரையும். மழைநீரில் இருக்கும் லேசான அமிலமே நூறு வருடத்தில் எழுத்தின் விளிம்பை மழுக்கிவிடுகிறது, அதன்மேல் வினிகரையும் கழிவறை அமிலத்தையும் ஊற்றுவது கொடுமை. மணற்கல் ஏடு ஏடாகப் பிரியும். தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளென்று சத்தம் வந்தால் கையே வைக்கக் கூடாது. சிலேட்டுக் கல்லில் எழுத்து வெட்டியது வெட்டியபடி நிற்கும். கிரானைட் தாங்கும், ஆனாலும் கம்பித் தூரிகை எதற்குமே கூடாது.

குளோரின் பிளீச்சும் வேண்டாம். போட்ட அன்றைக்குக் கல் வெள்ளை வெளேரென்று இருக்கும். கல்லுக்குள் இறங்கிய உப்பு பிறகு படிகமாகி மேல் தோலைத் தள்ளும். நாளடைவில் மேற்பரப்பு மாவு மாதிரி உதிர ஆரம்பித்துவிடும்.

முறையான வழி எளிமையானது, நேரம்தான் பிடிக்கும். கல்லை நன்றாக நனைக்க வேண்டும், மென்மையான இயற்கை நார் அல்லது நைலான் தூரிகையால் கீழிருந்து மேலே போக வேண்டும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பாசிக்கு மரக்குச்சி போதும், உலோகம் கூடாது.

மார்ச் 3, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கழுவும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், கழுவ வேண்டுமா என்று கேட்கவே இல்லை. எழுத்தைப் படிப்பதற்காக மட்டும் என்றால் கழுவாதீர்கள். வெளிச்சம் போதும்.

உச்சி வெயிலில் எதுவும் தெரியாத கல் காலையில் சாய்வெயில் படும்போது தானாகப் பேசும். வெயில் விழாத பக்கமாக நிற்கும் கல்லுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிப் போய், வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். இருட்டின பிறகு ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவு. பகலில் அரை மணி நேரம் தடவித் தடவிப் படிக்க முடியாமல் விட்ட பெயரை இரவில் ஒரே நிமிடத்தில் படித்திருக்கிறேன்.

மாவு பூசுவது, சாக்குக்கட்டியால் தேய்ப்பது, சவர நுரை தடவுவது, இவை மூன்றையும் இன்னும் செய்கிறார்கள். மாவு நுண்துளைகளில் தங்கிப் பூஞ்சைக்கு உணவாகும். சாக்குக்கட்டி உரசும். நுரையில் இருக்கும் வேதிப்பொருள் முழுதாகக் கழுவிப் போகாது. தாளை மேலே வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதும் உதிரும் கல்லில் ஆபத்து.

மார்ச் 5

உடைந்த கல்லை சிமென்ட் வைத்து ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். சிமென்ட் பல பழைய கற்களைவிடக் கடினம். வெயிலிலும் மழையிலும் கல் விரிந்து சுருங்கும்போது சிமென்ட் விட்டுக்கொடுக்காது, அதனால் கல்தான் உடையும், பழைய உடைப்புக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். துண்டுகளை இப்போதைக்கு எண் எழுதிய அட்டையோடு படம் எடுத்து, விழுந்த இடத்திலேயே படுக்க வைத்துவிடுங்கள். வேறு மூலைக்குக் கொண்டுபோய் அடுக்காதீர்கள். இடமும் ஒரு தகவல்.

மார்ச் 9

இனி ஏடு. ‘கல்லில் இருப்பதுதானே ஏட்டிலும்’ என்று கேட்டிருந்தீர்கள். ஓர் எளிய வித்தியாசத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்லில் பெரும்பாலும் இறந்த தேதி இருக்கும். அடக்கப் பதிவேட்டில் இருப்பது அடக்கம் செய்த தேதி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் நாளைக்கு இன்னொருவர் வந்து ‘தேதி முரண்படுகிறது, இது வேறு ஆள்’ என்று முடிவு கட்டிவிடுவார்.

பதிவேட்டில் என்ன இருக்கும் என்பது அதை எந்தக் காலத்தில் யார் கேட்டு எழுத வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஒவ்வொரு பகுதியும், எழுதி வைக்க வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். ஆரம்பத்தில் பல இடங்களில் சாதாரணத் தாள்தான். 1598-இல் எல்லாவற்றையும் தோல் தாளில் திரும்ப எழுதச் சொன்னார்கள், குறிப்பாக 1558-இல் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சி தொடங்கியதிலிருந்து. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு பல பங்குகள் அதற்கு முந்தைய 20 ஆண்டுகளை எழுதாமலே விட்டுவிட்டன. அதனால்தான் அவ்வளவு ஏடுகள் சரியாக 1558-இல் தொடங்குகின்றன. பிரதி எடுத்தவரின் கை வலித்ததால் ஓர் ஊரின் இருபது வருடச் சாவுகள் மறைந்து போயிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

1813-இலிருந்து அச்சடித்த படிவம் வந்தது. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பதிவு. பெயர், வசித்த இடம், அடக்கம் செய்த நாள், வயது, சடங்கு நடத்தியவர், அவ்வளவுதான். சாவுக்குக் காரணம் கிடையாது. யாருடைய மகள், யாருடைய மனைவி என்றுகூடக் கட்டம் கிடையாது. படிவம் ஒழுங்கானபோது சில தகவல்கள் குறைந்தே போயின. முன்பு மனம் உள்ள எழுத்தர் ‘இன்னாரின் விதவை, வெள்ளத்தில் போனாள்’ என்று ஓரமாக எழுதி வைப்பார். அவருக்கு அடுத்து வந்தவருக்குக் கட்டம் மட்டும்தான் இருந்தது.

எழுத்தரின் கை எழுதாத இடத்தில் சட்டம் எழுத வைத்ததும் உண்டு. இங்கிலாந்தில் கம்பளி வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த, பிணத்துக்குக் கம்பளித் துணிதான் சுற்ற வேண்டும் என்று 1666-இலும் 1678-இலும் சட்டம் வந்தது. சுற்றியதற்கு உறுதிமொழிச் சான்று வாங்கி ஏட்டில் குறித்தார்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்து ஏட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வரும் குறிப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் அதைக் கொள்ளைநோய்க் குறி என்று நினைத்து ஒரு வாரம் வேலை செய்துவிட்டார். ஓரத்தில் இருக்கும் குறியைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துச் சட்டம் தெரிய வேண்டும்.

மார்ச் 15

ஆண்டுக் கணக்கு. இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் 1752 வரை ஏடுகளில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1715 டிசம்பருக்கு அடுத்து 1715 ஜனவரி, 1715 பிப்ரவரி என்று வரும். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1716. இது தெரியாமல் பார்த்தால், 1715 மே மாதம் திருமுழுக்கு பெற்ற குழந்தை 1715 பிப்ரவரியிலேயே அடக்கமாகியிருக்கும். அந்த எழுத்தரைத் தப்பாக நினைக்க வேண்டாம், அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். படி எடுக்கும்போது ‘1715/16’ என்று இரண்டையும் எழுதுங்கள்.

முஸ்லிம் கல்லறைகளில் வரும் ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடப் பதினோரு நாள் அளவுக்குக் குறைவு. அதனால் நிலையான ஓர் எண்ணைக் கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. 1300 என்று கல்லில் இருந்தால் அது 1882 நவம்பரில் தொடங்கி 1883 வரை போகும், மாதம் தெரியாமல் ஒரே ஆண்டாகச் சொல்லக் கூடாது. யூதக் கல்லறைகளில் ஆண்டு எபிரேய எழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு, பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் ஆண்டு. 660 என்றால் 1900.

மார்ச் 16

திருத்தம். நேற்று எழுதிய 1240 எப்போதும் சரியாகாது. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 1239 தான் சேர்க்க வேண்டும். 660-ஆம் ஆண்டு என்பது 1899 இலையுதிர்காலத்திலிருந்து 1900 இலையுதிர்காலம் வரை. மாதத்தைப் படிக்காமல் ஆண்டை மாற்றாதீர்கள்.

மார்ச் 16, கொஞ்ச நேரம் கழித்து

இன்னும் ஒன்று. கல்லில் இருக்கும் ஆண்டில்தான் கல்லை வைத்தார்கள் என்று இல்லை. பேரன் சம்பாதித்துத் தாத்தாவுக்கு வைத்த கல்லில் தாத்தாவின் ஆண்டு இருக்கும், எழுத்து பேரன் காலத்து எழுத்தாக இருக்கும். கல் இருக்கும் இடத்தில்தான் உடல் இருக்கிறது என்றும் இல்லை. லண்டனில் பழைய செயின்ட் பேன்க்ராஸ் தேவாலயத் தோட்டத்தில் 1860-களில் ரயில் பாதைக்காகக் கல்லறைகளைத் தோண்டி அகற்றினார்கள். அங்கே ஒரு மரத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கற்கள் செருகி நின்றன, பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த மரம் 2022 டிசம்பரில் விழுந்துவிட்டது. அந்தக் கற்களில் இருக்கும் பெயர்களுக்கு உரியவர்கள் அங்கே கீழே கிடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சுவரோரமாக வரிசையாகச் சாத்தி வைத்த கற்களை எங்கே பார்த்தாலும் அவை பிடுங்கி வைக்கப்பட்டவை என்றே முதலில் நினையுங்கள்.

மார்ச் 24

‘ஏட்டில் எல்லாரும் இருப்பார்களா?’ நல்ல கேள்வி. நான் ஏட்டுக்காக இவ்வளவு வாதாடியதால் இதையும் நானே சொல்ல வேண்டும்: இருக்க மாட்டார்கள். எழுதும் கை யாரை மனிதராக எண்ணியதோ அவர்கள்தான் இருப்பார்கள்.

நியூயார்க்கில் மன்ஹாட்டனில் 1991-இல் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது எலும்புகள் வந்தன. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களும் விடுதலை பெற்றவர்களும் 1794 வரை அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. பழைய வரைபடத்தில் குறித்தே இருந்தது. சுமார் 15,000 பேர் அங்கே இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 419 பேரின் எச்சங்களை எடுத்து, ஆய்வு முடிந்து, 2003-இல் திரும்ப அதே மண்ணில் அடக்கம் செய்தார்கள். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடாமல் இருந்திருந்தால் தோண்டும் வேலை நின்றிருக்காது. 2006-இல் அது தேசிய நினைவிடமானது.

போர்க் கல்லறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1917-இல் தொடங்கிய ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம்தான் இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். சிப்பாய் என்றும் தளபதி என்றும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல், அதுதான் அதன் கொள்கை. 17 லட்சம் பேர் அதன் பொறுப்பில் இருக்கிறார்கள், பராமரிப்பில் அவர்களுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் 2021-இல் அவர்களே அமைத்த குழு வேறொன்றைக் கண்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் ஆப்பிரிக்க, ஆசிய, மத்தியக் கிழக்கு நாட்டவர்கள், 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டிருந்தார்கள். குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே பொறிக்கவில்லை, அல்லது நினைவுச் சின்னமே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே ஏட்டில் வெற்றிடம் இருந்தால் ‘யாரும் இறக்கவில்லை’ என்று படிக்காதீர்கள்.

ஏப்ரல் 5

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இந்த வேலைக்கு நான் வந்ததே என் பாட்டியின் தங்கைக்காக. சின்ன வயதில் போய்விட்டாள், ‘ஏழு வயசு, பேரு செல்லம்’ என்று பாட்டி சொல்வார். எங்கே புதைத்தார்கள் என்று பாட்டிக்குத் தெரியும், எந்தத் தோட்டம் என்பது மட்டும். நான் அந்தத் தோட்டம் முழுவதும் கல் கல்லாகப் பார்த்தேன். இல்லை. பங்கு அலுவலகத்தில் ஏட்டைப் பார்க்க அனுமதி வாங்க ஒரு வருடம் ஆனது. பார்த்தேன். செல்லம் இல்லை. ‘பதிவு இல்லை’ என்று என் நோட்டில் எழுதி, பாட்டியிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழு வருடம் கழித்து வேறு ஒரு குடும்பத்துக்காக அதே ஏட்டைப் புரட்டும்போது கொள்ளுத்தாத்தாவின் பெயர் கண்ணில் பட்டது. ‘இன்னாரின் மகள் ரோசலியா, வயது 1’. ரோசலியா திருமுழுக்குப் பெயர். செல்லம் வீட்டுப் பெயர். நான் வீட்டுப் பெயரை வைத்துத் தேடியிருக்கிறேன், அதுவும் ஏழு வயதை மட்டும் வைத்து. அந்த 1-ஐப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு கோடு மங்கிக் கிடந்தது. அதே எழுத்தர் மற்ற பக்கங்களில் 7-ஐ எப்படி எழுதியிருக்கிறார் என்று இருபது இடத்தில் ஒப்பிட்டேன். அது 7 தான். பாட்டி சொன்னதுதான் சரி.

அந்தப் பக்கத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஒரே வாரத்தில் ஐந்து குழந்தைகள். காரணம் எழுதவில்லை. பக்கத்துப் பங்கின் ஏட்டில் அதே மாதம் அதே மாதிரி இருக்கிறது. இந்த ஐந்தில் ஒன்றுக்கும் கல் கிடையாது.

பாட்டி அப்போது உயிரோடு இல்லை.

ஏப்ரல் 6

நேற்றையதிலிருந்து நடைமுறைக்கு எடுக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ‘பதிவு இல்லை’ என்று எங்கேயும் எழுதாதீர்கள். எந்த ஏடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பெயர், எந்தெந்த எழுத்துக்கூட்டல், எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்று எழுதுங்கள். ஒரு பெயருக்காகப் போனாலும் முன்னும் பின்னும் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். படி எடுக்கும்போது பிழையைத் திருத்தாதீர்கள், ஏட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. உங்கள் ஊகம் சதுர அடைப்புக்குள் மட்டும்.

ஏப்ரல் 7

கல் இல்லாத குழிகளை ரேடார் வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்கிறார்கள். நிலம் ஊடுருவும் ரேடார் எலும்பைக் காட்டும் கருவி என்று நினைத்துக்கொண்டு பணம் திரட்டாதீர்கள். மண் கலைக்கப்பட்ட இடத்தைத்தான் அது பெரும்பாலும் காட்டும். உலர்ந்த மணற்பாங்கில் நன்றாக வேலை செய்யும், ஈரக் களிமண்ணில் அலை உள்ளே இறங்காது. யாருடைய குழி என்று எந்தக் கருவியும் சொல்லாது.

முதலில் கண்ணால் பாருங்கள். மழை பெய்த மறுநாள், சாய்வெயிலில். நீள்சதுரமாக மண் இறங்கியிருக்கும், புல்லின் நிறம் மாறியிருக்கும், யாரோ நட்ட பூச்செடி காடாக வளர்ந்திருக்கும். பெரும்பாலான பழைய கிறிஸ்தவக் குழிகள் கிழக்கு மேற்காக இருக்கும். முஸ்லிம் குழிகளில் உடல் கிப்லாவை, அதாவது மெக்கா இருக்கும் திசையைப் பார்த்து வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஆகவே திசை இடத்துக்கு இடம் மாறும். வரிசை விலகி ஒரு குழி தனியாக இருந்தால் அதற்கு ஏதோ காரணம் உண்டு.

அப்புறம், குழி வெட்டுகிறவரிடம் பேசுங்கள். எல்லாரும் கடைசியாகத்தான் அவரிடம் போகிறார்கள்.

ஏப்ரல் 20

ஏடுகளைப் பாதுகாப்பது பற்றி. பழைய மை இரும்பு சேர்ந்தது, காலப்போக்கில் தாளையே தின்னும். எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவிலேயே ஓட்டையாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஏட்டை 180 பாகைக்கு விரித்து ஜெராக்ஸ் கண்ணாடியில் அமுக்கினால் முதுகும் போகும், எழுத்தும் போகும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பாதி திறந்த நிலையில் மேலிருந்து படம் எடுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை பழுத்து மஞ்சளாகித் தாளோடு சேர்ந்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பருத்திக் கையுறையும் தேவையில்லை. விரலுக்குத் தொடு உணர்வு போய்ப் பக்கம் கிழியும். கழுவி உலர்ந்த கை போதும்.

தண்ணீரில் நனைந்துவிட்டதா? வெயிலில் போடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை வந்துவிடலாம். உடனே உலர்த்த வழியில்லை என்றால் உறைய வைத்துவிடுங்கள். உறைந்த ஏடு அப்படியே நிற்கும், பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். ஓர் அலுவலகத்தில் குழாய் உடைந்து மூன்று ஏடுகள் நனைந்தன. எனக்குச் சொல்லவே ஒரு வாரம் ஆனது. ஒன்றைத்தான் பிரிக்க முடிந்தது.

மே 4

மார்ச் 2-இல் கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார். கழுவும் வேலையை நிறுத்திவிட்டார்களாம். ஏட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார்களாம். ரொம்ப சந்தோஷம்.

ரோசலியாவுக்கு இப்போது கல் வைப்பீர்களா என்று அவர் கேட்டிருந்தார். குழி வெட்டுகிறவரின் மகனிடம் பேசினேன். சின்னப் பிள்ளைகளைக் கிழக்குச் சுவரோரம்தான் வைப்பார்கள் என்று அவருடைய அப்பா சொல்வாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது போதவில்லை. ஊகமாக ஓர் இடத்தில் கல் நட்டால், ஐம்பது வருடம் கழித்து வருகிறவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். மற்றவர் வைத்த அப்படிப்பட்ட கற்களால் நானே ஏமாந்திருக்கிறேன்.

அதனால் சுவரில் ஒரு சின்னப் பலகை. ‘இந்தச் சுவரோரமாக அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும்’ என்று தொடங்கி ஐந்து குழந்தைகளின் பெயரும், ஏட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே. கீழே பலகை வைக்கும் ஆண்டு, இந்த ஆண்டு என்று தெளிவாக. ரோசலியா என்பதற்குப் பக்கத்தில் செல்லம் என்றும் போடச் சொல்லியிருக்கிறேன். அது ஏட்டில் இல்லை, ஆகவே சதுர அடைப்புக்குள்.

நான்காவது குழந்தையின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் கறையில் மறைந்திருக்கின்றன. பலகை செய்கிறவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை டார்ச் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்க்கப் போகிறேன்.